பொம்மை கையில் லாந்தர்: மினியேச்சர் பெயின்டிங்கில் புள்ளி, பூச்சு, வெளிச்சம்

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத பொம்மை அது. முக்காடு போட்ட ஒரு கிழவன், வலது கையில் தடி, இடது கையில் லாந்தர். பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண், ஒண்ணாம் கிளாஸ் படிக்கிறாள், அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு பேட்டரி எங்க போடணும்?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி கிடையாது. லாந்தர் கண்ணாடியில் துளி வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், அதைத் தாண்டி ஆரஞ்சு, மற்ற இடமெல்லாம் இருட்டு. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என் கைக்கு வந்து சேர இரண்டு மழைக்காலமும் பத்துப் பதினைந்து பாழாய்ப்போன பொம்மைகளும் ஆயின. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பம்பாய் சயானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் என் பட்டறை, அதனால் பெரிய ஸ்டுடியோ வைத்துக்கொண்டு பேசுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதலில் இந்தப் பொம்மைகள் என்ன என்று ஒரு வார்த்தை. மேஜையில் வைத்து விளையாடும் கற்பனை உலக விளையாட்டுகளுக்காக வந்தவை இவை: 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1983-ல் வந்த வார்ஹாமர் மாதிரி. மந்திரவாதி, பூதம், வாள் பிடித்த எலும்புக்கூடு, எல்லாம் பெரும்பாலும் 28-லிருந்து 32 மி.மீ. உயரத்தில். பிளாஸ்டிக்கில் வரும், உலோகத்தில் வரும், இப்போது 3டி பிரின்டரில் ரெசினாகவும் வரும். விளையாடாமல் வண்ணம் தீட்டுவதற்காகவே வாங்குகிறவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்தான். இன்னொரு விஷயம், 'மினியேச்சர்' என்ற சொல்லுக்கும் 'சின்னது' என்பதற்கும் முதலில் சம்பந்தமே இருக்கவில்லை. லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயச் செந்தூரம். பழைய கையெழுத்துச் சுவடிகளில் அந்தச் சிவப்பால் எழுத்தும் படமும் தீட்டுகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் படங்கள் சின்னதாக இருந்ததால் பிற்பாடு சின்னது எல்லாமே மினியேச்சர் ஆகிவிட்டது.

சரி, பொம்மைக்கு ஏன் வெளிச்சத்தைப் பெயின்ட்டால் வரைய வேண்டும்? அறையில்தான் டியூப்லைட் எரிகிறதே, அந்த வெளிச்சம் பொம்மை மேல் விழாதா? இந்த இடம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வெளிச்சம் தூரம் போகப் போகக் குறையும், அதுவும் கிடுகிடுவென்று குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இப்போது நிஜமான ஒரு ஆள் ராத்திரியில் இடுப்பு உயரத்தில் லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கிலிருந்து 20 செ.மீ. தள்ளி அவர் தொடை இருக்கிறது, 80 செ.மீ. தள்ளி முகம். தூரம் நாலு மடங்கு, ஆக தொடையில் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான் முகத்துக்குப் போகும். இதையே நம் பொம்மைக்குப் பாருங்கள். ஆறடி உயரத்தில் ஒரு பல்பு, கீழே 3 செ.மீ. பொம்மை. தலைக்கும் காலுக்கும் வெளிச்சத்தில் சுமார் 3 சதவீதம்தான் வித்தியாசம், எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. போதாததற்கு, அறைச்சுவர்களில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் விழுந்து மடிப்புகளில் இருக்கிற கொஞ்சநஞ்ச நிழலையும் கழுவிவிடும். அதாவது நம் அறை வெளிச்சம் நம் உலகத்துடையது, பொம்மையின் உலகத்துடையது இல்லை. அதன் உலகத்து வெளிச்சத்தை நாம்தான் வரைந்து கொடுக்க வேண்டும். புள்ளி வைக்கிற ஸ்டிப்ளிங், மெல்லிய பூச்சு ஓட்டுகிற கிளேஸிங் எல்லாம் அந்த வெளிச்சத்தைக் கொண்டுபோய் வைக்கிற இரண்டு கைப்பழக்கங்கள், வேறொன்றுமில்லை.

வேலை பிரைமரில் தொடங்கும். பெயின்ட் பிடித்துக்கொள்ள ஒரு அடிப்பூச்சு, அதுதான் பிரைமர். முதலில் பொம்மை முழுக்கக் கறுப்பு, அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே. மேலே பார்த்திருக்கிற இடமெல்லாம் வெளுக்கும், கீழே பார்த்திருக்கிற இடம் கறுப்பாகவே நிற்கும். உச்சி வெயிலில் நிற்கிற ஆள்போல ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இலவசமாகக் கிடைத்துவிடும். ஜெனித்தல் பிரைமிங் என்று இதற்குப் பெயர். எதன்மேல் வெளிச்சம், எங்கே நிழல் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்கிற வேலையை இது பாதியாக்கும், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் கடைசிவரை உதவும்.

ஆனால் பம்பாயில் இருந்துகொண்டு ஜூலை மாதம் ஸ்பிரே அடிக்காதீர்கள். நான் அடித்தேன். மழை விட்ட ஒரு சாயங்காலம், பால்கனியில், அட்டைப்பெட்டிக்குள் நாலு பொம்மையை நிறுத்தி அடித்து, அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால் நாலும் விபூதியில் புரண்டு எழுந்த மாதிரி நிற்கின்றன. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ஸ்பிரே ஒழுங்காகப் படியாது, சொரசொரவென்று மாவு பூத்துவிடும். விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர்வரை பிரஷ்ஷால் தடவுகிற பிரைமர்தான் நமக்கு. வெள்ளையைச் சின்ன மேக்கப் பிரஷ்ஷால், கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில், மேலிருந்து கீழாக ஒற்றினால் ஜெனித்தல் மாதிரியே வரும்.

பிரஷ் விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. பொம்மை சின்னது, ஆகவே பிரஷ்ஷும் இருப்பதிலேயே சின்னதாக இருக்க வேண்டும் என்று மூன்று சைபர் பிரஷ் வாங்குவது. அதன் வயிற்றில் பெயின்ட் நிற்காது, தட்டிலிருந்து பொம்மைக்குப் போவதற்குள் நுனியில் காய்ந்துவிடும். 1-ம் நம்பர் பிரஷ், நுனி மட்டும் ஊசிபோலக் கூடுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள், கண்ணின் கருவிழிகூட அதிலேயே வைக்கலாம். ஸ்டிப்ளிங்குக்குத் தனியாக ஒரு பழைய பிரஷ் போதும், நல்லதை அதில் கெடுக்க வேண்டாம்.

பெயின்ட் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக். சீக்கிரம் காயும் என்பதுதான் அதன் பலமும் தொல்லையும். தொல்லைக்கு வீட்டுவைத்தியம்: மூடியுள்ள பிளாஸ்டிக் டிபன் டப்பா, உள்ளே ஈரமான ஸ்பாஞ்ச் அல்லது நாலாக மடித்த டிஷ்யூ, அதன்மேல் கேக் செய்யும்போது தட்டில் போடுகிற பேக்கிங் பேப்பர். பெயின்ட்டை அந்தப் பேப்பர்மேல் வைத்தால் அடியிலிருந்து ஈரம் கசிந்து வந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில் காயாது. வெட் பேலட் என்று கடையில் விற்கிறார்கள், அதுவும் இதேதான். வாரத்துக்கு ஒருதரம் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் திறக்கும்போது வருகிற நாற்றத்தில் வீட்டில் உங்களையும் டப்பாவையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இனி ஸ்டிப்ளிங். புள்ளி வைப்பது. இன்றைக்கு வந்த பேப்பரில் ஏதாவது ஒரு கலர் போட்டோவை லென்ஸ் வைத்துப் பாருங்கள், அல்லது போன் கேமராவை நன்றாகக் கிட்டே கொண்டுபோங்கள். முகமெல்லாம் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகத்தான் இருக்கும், தோல் நிறம் என்று தனியாக ஒரு மையே அங்கே இருக்காது. தள்ளிப்போனால் கண் அதைக் கலந்துகொள்கிறது. 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கும்போது 0.1 மி.மீ.க்கும் குறைவான இடைவெளியில் இருக்கிற இரண்டு புள்ளிகளை நல்ல பார்வை உள்ளவருக்கும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பொம்மையை நாம் பார்ப்பது அந்தத் தூரத்தில்தான், சில சமயம் இன்னும் தள்ளி. அதனால் புள்ளிகள் ஒட்டி ஒட்டி இருந்தால் போதும், நிறத்தைக் கலக்கிற வேலையைப் பார்க்கிறவர் கண்ணே செய்துகொள்ளும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1880களில் பெரிய பெரிய கான்வாஸை இப்படிப் புள்ளியாலேயே நிரப்பினார்.

அதற்கும் வெகுகாலம் முன்னால் நம்மூரில் முகலாயச் சிற்றோவியக்காரர்கள் கன்னத்து நிழலை நுண்புள்ளியாலும் மயிரிழைக் கோட்டாலும் ஏற்றியிருக்கிறார்கள், பர்தாஸ் என்று அதற்குப் பெயர். இங்கே கோட்டைப் பக்கம், காலா கோடாவை ஒட்டி இருக்கிற சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்க்ரஹாலயாவில், பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம்தான், சிற்றோவியங்களுக்குத் தனிக் கூடம் உண்டு. போனால் உடுப்பு நகையெல்லாம் பார்க்காமல் ஒரே ஒரு முகத்தின் தாடையோரத்தை மட்டும் அஞ்சு நிமிஷம் பாருங்கள். எந்த வீடியோவும் சொல்லித்தராததை அது சொல்லித்தரும்.

கிழவனின் மேலங்கியை எடுத்துக்கொள்வோம். கம்பளித் துணி, நீலம் கலந்த கறுப்பு. முழுக்க ஒரு கை இருட்டு நீலம் பூசிக் காயவிட்டேன். அப்புறம் அதிலேயே கொஞ்சம் சாம்பல் சேர்த்து, பாலைவிடக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொண்டு, பிரஷ்ஷை அதில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, மீதமிருக்கிற ஈரத்தில் மடிப்பின் முதுகில் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பிரஷ்ஷை இழுக்கவே கூடாது, செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். மடிப்பின் உச்சியில் புள்ளிகள் நெருக்கமாக, கீழே வர வர இடைவெளி விட்டு, பள்ளத்தில் ஒன்றுமே வேண்டாம். அடுத்த சுற்றில் இன்னும் வெளிறிய சாம்பல், இன்னும் குறைந்த இடத்தில். மூன்றாவது சுற்றில் கிட்டத்தட்ட வெள்ளை, மடிப்பு உச்சியில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. பாதி வேலையில் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி அசிங்கமாகத்தான் இருக்கும், பதறாதீர்கள், அங்கேதான் பலபேர் பிரைமரைத் தூக்கி மறுபடி அடித்துவிடுகிறார்கள்.

புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன், வழவழவென்று கலக்கிற முறைகளை இல்லை. காரணம் எளிது. ஒரு புள்ளி தப்பானால் ஒரு புள்ளிதான் தப்பு. போதாததற்கு அந்தச் சொரசொரப்பே கம்பளி, பழைய தோல், துருப்பிடித்த இரும்பு, கரடுமுரடான கல் எல்லாவற்றுக்கும் பொருந்திப்போகும். பட்டுத்துணிக்கும் இளம்பெண் முகத்துக்கும் பொருந்தாது, அது வேறு கதை, அதற்குத்தான் கிளேஸிங்.

கிளேஸ் என்பது நிறமுள்ள கண்ணாடித்தாள் மாதிரி ஒரு பூச்சு. வெள்ளைச் சுவரில் சிவப்புச் சல்லாத்துணியைத் தொங்கவிட்டால் சுவர் இளஞ்சிவப்பாகத் தெரியுமே, அதேதான். வெளிச்சம் மேல்பூச்சுக்குள் புகுந்து, அடியில் இருக்கிற நிறத்தில் பட்டு, மறுபடி பூச்சு வழியாக வெளியே வருகிறது, வரும்போது அந்தச் சாயத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அடி வெள்ளையாக இருந்தால் கிளேஸ் ஒளிரும், அடி கறுப்பாக இருந்தால் எத்தனை கை போட்டாலும் ஒன்றும் தெரியாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், லாந்தருக்கு வரும்போது வேண்டும்.

ஒரு பங்கு பெயின்ட்டுக்கு அஞ்சு முதல் பத்துப் பங்கு மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) அல்லது தண்ணீர். பாதிக்குமேல் மீடியமாக இருப்பது நல்லது, வெறும் தண்ணீரையே ஊற்றினால் பெயின்ட்டைப் பிடித்துவைக்கிற பசை நீர்த்துப்போகும். தட்டில் இழுத்துப்பார்த்தால் பேப்பர் தெரிய வேண்டும், நீர்மோர் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை கலந்த நிறங்கள் கிளேஸுக்கு ஆகாது, பால் கொட்டிய மாதிரி மங்கலடிக்கும். ஓவியர்களுக்கான டியூப்களில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கும்: கட்டம் காலியாக இருந்தால் அந்த நிறம் ஊடுருவித் தெரியும், முழுக்கக் கறுப்பாக இருந்தால் அடியை மறைத்துவிடும். காலிக் கட்டம் பார்த்து வாங்குங்கள்.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றே ஒன்று, பிரஷ்ஷில் ஈரம் அதிகமாக இருப்பது. மேஜைமேல் சிந்திய காபித்துளி காய்ந்தால் நடுவில் வெளுத்து ஓரத்தில் மட்டும் கறுத்த வளையமாக நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். துளியின் ஓரம் சீக்கிரம் காய்கிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது காபித்தூளையும் அடித்துக்கொண்டு போய் அங்கே கொட்டிவிடுகிறது. 1997-ல் சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காபிக்கறைக்காகவே 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள், வேலையற்ற வேலை என்று தோன்றலாம், ஆனால் நம் கிழவன் கன்னத்தில் விழுகிற வளையத்துக்கும் காரணம் அதேதான். கிளேஸைத் தொட்டதும் பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றிவிட வேண்டும், குளம் கட்டுகிற அளவுக்கு ஈரமே இருக்கக்கூடாது. தடவிய இடம் அஞ்சாறு நொடியில் காய்ந்தால் அளவு சரி. மழைக்காலத்தில் அதுவே ஒரு நிமிஷம் பிடிக்கும். ஒரு கை முழுக்கக் காயாமல் அடுத்த கை போட்டால் அடிப்பூச்சு உரிந்து வந்துவிடும், அதனால் ஒரே சமயத்தில் இரண்டு பொம்மையை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்வேன்.

இன்னொன்று, பிரஷ்ஷை எங்கே தூக்குகிறீர்களோ அங்கேதான் நிறம் அதிகம் தேங்கும். ஆகவே நிழலுக்கான கிளேஸை வெளிச்சத்திலிருந்து நிழலை நோக்கி இழுங்கள், பள்ளத்தில் போய்த் தூக்குங்கள். நான் பல மாதம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன், யாரும் சொல்லவில்லை.

புள்ளியும் பூச்சும் ஒன்றாகச் சேரும்போதுதான் வேடிக்கை. மேலே அம்மை போட்ட மாதிரி நின்ற அந்த மேலங்கி நினைவிருக்கிறதா, அதன்மேல் நீல கிளேஸ் இரண்டு கை ஓட்டினேன். புள்ளிகளுக்கு நடுவே இருந்த சண்டையெல்லாம் அடங்கிப்போய், சொரசொரப்பு மட்டும் மிச்சமிருந்து, நெய்த துணி மாதிரி ஆகிவிட்டது.

இப்போது லாந்தர். பொம்மைக்குள்ளேயே இருக்கிற ஒரு பொருளிலிருந்து வெளிச்சம் வருவதுபோல் தீட்டுவதை ஆப்ஜெக்ட் சோர்ஸ் லைட்டிங், சுருக்கமாக ஓஎஸ்எல் என்று சொல்வார்கள். இதற்கு முன்னால் பிரஷ்ஷைத் தொடாமல் ஒரு வேலை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிக் கும்பார்வாடா இருக்கிறதே, அங்கே வாங்கிய அகல்விளக்கு ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அதை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அம்மா எழுந்து வந்து, "என்னடா, என்ன ஆச்சு உனக்கு?" என்றாள். அது கிடக்கட்டும், பார்த்தது இவ்வளவு: மோவாய்க்கு அடியில், மூக்குத் துவாரத்தின் மேல்விளிம்பில், புருவ எலும்பின் கீழ்ப்பக்கம் வெளிச்சம். நெற்றி இருட்டு, கன்னத்து மேல்பக்கம் இருட்டு. பகலில் எங்கெல்லாம் நிழல் இருக்குமோ அங்கெல்லாம் வெளிச்சம், அதாவது ஜெனித்தலுக்கு நேர் எதிர். சுடரையும் கவனித்தேன். திரிக்குச் சற்று மேலே, நடுவில்தான் பளிச்சென்ற வெளிர்மஞ்சள், நுனிக்குப் போகப்போக ஆரஞ்சாக அடங்குகிறது. நான் அதுவரை தீட்டிய தீயெல்லாம் உள்ளே சிவப்பு, நுனியில் மஞ்சள். அத்தனையும் தப்பு.

பொம்மைக்கே இதைச் செய்யலாம். அறையை இருட்டாக்கி, லாந்தர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எல்இடி ஒன்றைப் பிடித்து ஒரு போட்டோ. எந்த மடிப்பு விளக்கைப் பார்க்கிறது, எது முதுகைக் காட்டுகிறது என்று சண்டையில்லாமல் தெரிந்துவிடும். முதுகு காட்டுகிற இடத்தில் ஒரு சொட்டு ஆரஞ்சுகூட விழக்கூடாது, விழுந்தால் வெளிச்சம் பெயின்ட் கறையாகிவிடும்.

தீட்டுகிற முறை இப்படி. லாந்தர் கண்ணாடியை வெள்ளையாக்குங்கள், பொம்மையிலேயே அதைவிட வெளுத்த இடம் வேறெங்கும் இருக்கக்கூடாது. பிறகு விளக்கைப் பார்த்திருக்கிற விளிம்புகளில், கைமுட்டி, சட்டைக்கை, தொடைப்பக்க மடிப்பு இவற்றில், தந்த நிறத்தால் ஸ்டிப்ளிங். விளக்குக்கு அரை செ.மீ.க்குள் நெருக்கமாக, 1 செ.மீ.யில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, 2 செ.மீ. தாண்டினால் ஒன்றிரண்டு புள்ளி, அதோடு நிறுத்துங்கள். கணக்குப்படி 2 செ.மீ.யில் விழுவது அரை செ.மீ.யில் விழுவதில் பதினாறில் ஒன்று, கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசமாகப் படாது என்றாலும் சட்டென்று அடங்க வேண்டும் என்பது மாறாது. பார்க்க மாவு தூவிய மாதிரி இருக்கும். அது காய்ந்ததும் அதன்மேல் கிளேஸ்: முதலில் மஞ்சள் எல்லா இடத்திலும் மெலிசாக, அப்புறம் ஆரஞ்சு, விளக்கை ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு, கடைசியில் செம்பழுப்பு, வெளிச்சம் இருட்டோடு கலக்கிற விளிம்பில் மட்டும். அடியில் தந்த நிறம் இருப்பதால்தான் ஆரஞ்சு ஒளிர்கிறது. நீல அங்கிமேல் நேராக ஆரஞ்சைத் தடவினால் சேறு கிடைக்கும், வெளிச்சம் கிடைக்காது.

இத்தனையும் செய்தும் விளக்கு எரியவில்லை என்றால், பிசகு விளக்கில் இருக்காது, மற்ற இடத்தில் இருக்கும். பகலில் அணைக்க மறந்த தெருவிளக்கை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? என் கிழவனின் முதுகுப்பக்கம் நான் ஆசையாசையாக ஏற்றிய ஹைலைட் எல்லாவற்றையும் இருட்டு நீலக் கிளேஸ் போட்டு நானே மூட வேண்டியிருந்தது. இரண்டு நாள் வேலை. மனசில்லாமல்தான் செய்தேன், நாலாவது கையில் லாந்தர் எரியத் தொடங்கியது. பேட்டரி கேட்ட அந்தக் குட்டிப்பெண் நான் சொன்னதை நம்பாமல் சுவிட்சைத் தட்டி டியூப்லைட்டை அணைத்தாள், இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை, "கெட்டுப்போச்சு மாமா" என்றாள்.

கடைசியாக மேட் வார்னிஷ் ஒரு கை. விரல் பட்டுப் பெயின்ட் உரியாமல் இருக்கும் என்பதோடு, பளபளப்பைக் கொல்வதற்காகவும் இது. பளபளத்தால் அறை விளக்கின் பிரதிபலிப்பு கண்ட இடத்தில் விழுந்து நீங்கள் வரைந்த வெளிச்சத்தோடு மல்லுக்கு நிற்கும். மழைக்காலத்தில் இதையும் ஸ்பிரேயாக அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும், பிரஷ்தான். எல்லாம் காய்ந்தபிறகு லாந்தர் கண்ணாடியில் மட்டும் பல் குத்தும் குச்சி நுனியால் ஒரு சொட்டு பளபளப்பான வார்னிஷ் வைப்பேன், பொம்மையில் நிஜமாகவே மின்னுகிற இடம் அது ஒன்றுதான். ராத்திரி முழுக்க ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி வையுங்கள், எங்கள் வீட்டில் ஒருதரம் கொசு வந்து ஒட்டிக்கொண்டது.